கக் ரோஸின் கைராசி

"உங்களுக்குக் கைராசி கக்," என்று நான் சொன்னால் ரோஸ்னானிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா, மலாயில் சொன்னால் கக் ரோஸ். நான் சொன்னதில் தப்பு என்ன? அவர் செய்தால் ஒளிர்கிறது, நாங்கள் செய்தால் பாதிக்கு மேல் இருட்டு.

மாலிப்டினம் கனிமத்தில் டேப்பை ஒட்டி உரித்து, உரித்ததை மறுபடி மறுபடி உரித்தால் மூன்று அணு தடிமனில் ஒரு தாள் கிடைக்கும். அதைச் சிறு தட்டில் ஒட்டுவோம். அதன்மேல் கக் ரோஸ் உருவாக்கிய கரிம மூலக்கூறைச் சொட்டு விட்டு, கண்ணாடி மூடியால் மூடிக் காயவைத்து, மேலே இன்னொரு தாளை இறக்க வேண்டும். குவே லாப்பிஸ் பலகாரம் மாதிரி அடுக்கடுக்காகத்தான். நடுவிலுள்ள மூலக்கூறுகள் ஒழுங்காக வரிசையில் படுத்தால் லேசர் பட்டதும் சிவப்பாக ஒளிரும். தாறுமாறாகக் கிடந்தால் ஒன்றும் வராது.

இதைப் பற்றி எங்கள் கட்டுரை வெளிவந்ததும் நெதர்லாந்திலிருந்து ஒரு குழு, "எங்களுக்கு வரவில்லை" என்று எழுதியது. செய்து பார்க்க மார்லீன் என்ற ஆராய்ச்சியாளரை சிங்கப்பூருக்கே அனுப்பியது. எங்கள் பேராசிரியர் கோ நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"அவங்க கையில வரலன்னா கட்டுரைய நாமளே திரும்ப வாங்கிக்கணும் ரோஸ். வேற வழியில்ல."

"வரும் டாக்டர்," என்றார் கக் ரோஸ். அவருடைய நாலு வருட உழைப்பு அது.

மார்லீன் படு சுத்தக்காரி. ஒவ்வொரு படியையும் கட்டுரையில் உள்ளபடியே செய்தாள். ஒளிரவில்லை. மறுநாளும் ஒளிரவில்லை. பதற்றத்தில் என் வாய் சும்மா இருக்குமா?

"நான்தான் சொன்னேன்ல கக், கைராசின்னு."

"உன் கைராசிய நாசி லெமாக் கடையில கொண்டுபோய் வை. சம்பலுக்கு வேணும்னா கைமணம் பாக்கலாம். இதுக்குப் பாக்கக் கூடாது."

மதியம் எங்கள் ஏசி மார்லீனைப் பதம் பார்த்துவிட்டது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கக் ரோஸ் கைப்பையிலிருந்து பச்சைத் தைலத்தை எடுத்து, அவள் நெற்றிப்பொட்டிலும் மணிக்கட்டிலும் நன்றாகத் தேய்த்துவிட்டார்.

"எரியுதே," என்றாள் மார்லீன்.

"எரிஞ்சாத்தான் மருந்து. உக்காந்து வேலையப் பாரு."

அவள் தட்டின்மேல் குனிந்து சொட்டு விட்டாள், மூடியால் மூடினாள். காய்ந்ததும் மேல்தாளை இறக்கினாள். லேசரைப் போட்டோம். திரையில் சிவப்பு.

கோ கைதட்டினார். கக் ரோஸ் தட்டவில்லை. மூடியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். பிறகு கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தார். 'வாசனைத் திரவியம், பவுடர் பூசிக்கொண்டு உள்ளே வராதீர்கள்.' அதில் தைலம் இல்லை. எப்படி இருக்கும்? எங்கள் ஊரில் தைலத்தை வாசனை என்று யார் சொல்வார்கள்? தலைவலியோ இல்லையோ, வேலைக்கு உட்காருமுன் கக் ரோஸ் ஒரு தடவை தேய்த்துக்கொள்வார். எங்களுக்குத் தலைவலி என்றால் எங்களுக்கும் தேய்த்துவிடுவார்.

"தைலத்தோட ஆவி," என்றார். "மூடிக்குள்ள மாட்டிக்கிது. சொட்டு மெதுவாக் காயுது. மூலக்கூறுக்குப் புரண்டு படுக்க நேரம் கிடைக்குது."

கோவுக்கு முகம் வெளுத்தது. "தைலம்னு எழுதினா ஊரே சிரிக்கும் ரோஸ். இப்பத்தான் வந்துருச்சே. இப்படியே விட்டுருவோம்."

"சிரிக்கட்டும் டாக்டர். மொதல்ல இது சரியான்னு பாக்கணும்."

மார்லீனை முகம் கை கழுவி, உடை மாற்றி வரச் சொன்னார். இரண்டு தட்டு. ஒன்றின் மூடிக்குள் வெறும் பஞ்சு, மற்றதில் ஒரு துளி தைலம் நனைத்த பஞ்சு. அதை நனைத்தது நான். கக் ரோஸ் வெளியே போய், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மார்லீன் இரண்டிலும் சொட்டு விட்டு மூடினாள். அவர் அசையவில்லை.

வெறும் பஞ்சு இருட்டு. தைலப் பஞ்சு சிவப்பு.

நான் கதவைத் திறந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கக், உங்க கைராசி போச்சு," என்றேன்.

"போய்த் தொலையட்டும்," என்றார் கக் ரோஸ். "நான் தொடாமலே வந்துச்சு பாரு. இப்பத்தான் இது என் வேலை."