கைப்பிடி இருந்த பக்கம்

அலெக்சாண்டர் படியேறி வந்தபோது அவருடைய தங்கை பிலோமினா சமையலறை மேடை முன்னால் நின்று, இரண்டு கறித்துண்டுகளைப் பழைய பருத்தித் துணியில் வைத்து ஒற்றிக்கொண்டிருந்தாள். வாசல் கதவு தாழிடாமல் இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிய சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டு, திரும்பாமலேயே ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டாள். திரும்பியிருந்தாலும் அவருடைய முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது. இரண்டு வருடத்துக்கு முன்பு வலது கண் போனது. போன வருடம் ஈஸ்டர் முடிந்த கையோடு இடது கண்ணும் போனது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் வெளிச்சத்தை வைத்துச் சொல்வாள்.

அவர் வந்தது விருந்துக்கு என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பதாக அவர் நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா, எருமைக்கறி ஸ்டேக் பண்ணித் தருகிறேன் என்று அவள் ஃபோனில் சொன்னபோது அவருக்கு அதுவும் வசதியாகத்தான் பட்டது. நேரில் உட்கார்ந்து பேசிவிடலாம். கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் தன் வீட்டின் முன்னறைக்கு அவளுக்காக வெள்ளையடித்துவிட்டார். கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டுவிட்டார். காக்ஸ் டவுனில் அவள் குடியிருக்கும் இந்த மாடி வீட்டின் ஓனர் எத்திராஜுக்குத் திங்கட்கிழமையே ஃபோன் செய்து, மாசக் கடைசியில் தங்கச்சி காலி பண்ணிவிடுவாள் என்றும் சொல்லிவிட்டார். அவளிடம் மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்தபோது அவள் முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த வடுவைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை. கணவனும் போய், பிள்ளைகளும் இல்லாமல், கண்ணும் இல்லாமல் ஒரு பெண் கேஸ் அடுப்போடு தனியாக இருப்பது சரியில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

சமையலறை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தாள். அது இருக்கும் இடத்தைக் காலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "இங்கயே ஒக்காரு. பேசிகினு இரு. எதையும் மட்டும் தொடாத" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். மேடையில் எல்லாம் ஒரு ஒழுங்கில் இருந்தன. உப்பு டப்பாவின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட், மிளகு டப்பாவின் கழுத்தில் இரண்டு. பூண்டு, வெண்ணெய், வெங்காயம், காளான் என்று சின்னக் கிண்ணங்கள் இடமிருந்து வலமாக வரிசையாக நின்றன. அடுப்பின் மேல் கனமான இரும்பு பான். மரம் போட்ட அதன் கைப்பிடி வலது பக்கம் மேடைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. கறி சிவாஜிநகரிலிருந்து வந்தது என்றாள். எருமையின் முதுகெலும்புக்கு அடியில் நீளமாக ஓடும் அண்டர்கட். கடைக்காரர் கையில் கொடுத்ததும் விரலால் அழுத்திப் பார்த்து, போன வாரத்து மாதிரி நரம்பு இருந்தால் திருப்பிக் கொண்டு வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் வாங்கினாளாம். எப்படிப் போனாய் என்று அவர் கேட்டார். பஸ்ஸில் போனேன் என்றாள், வேறு எப்படிப் போவார்கள் என்பதுபோல.

ஒற்றின துணியைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஒற்றினாள். ஈரம் இருந்தால் கறி வறுபடாது, வெந்துபோகும் என்றாள். உப்பையும் இடித்த மிளகையும் உள்ளங்கையில் கொட்டி, கனத்தைப் பார்த்து, இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்தாள். அடுப்பைப் பற்றவைத்து உள்ளங்கையைப் பானுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் விரித்துப் பிடித்தாள். அலெக்சாண்டர் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சராக இருந்த காலத்தில் பிள்ளைகள் பதில் சொல்லும்வரை காத்து நிற்கும் அதே முகம். போதும் என்று தோன்றியதும் எண்ணெயை ஊற்றி, கறியின் ஒரு நுனியைப் பானில் தொடவிட்டு, மற்ற நுனியைத் தன்னிடமிருந்து விலக்கிப் படுக்கவைத்தாள். தெறித்த எண்ணெயெல்லாம் சுவர்ப்பக்கமே போனது.

சுர்ரென்று எழுந்த சத்தம் வீட்டையே நிறைத்தது. அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து அதைக் கேட்டாள். அவருக்கு அது ஒரே சத்தம்தான். அவளுக்கு அதில் என்னென்னவோ இருந்தது போலும். படபடவென்று இருந்தது மெல்ல அடங்கி, ஒரு இழையாகி, மொறுமொறுப்பான வாசனை வந்ததும் இடுக்கியால் துண்டுகளைத் திருப்பினாள். திருப்பின பக்கம் காப்பிக்கொட்டை நிறத்தில் சீராக இருந்தது. நல்லா வந்திருக்கு என்று அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே இடுக்கியின் நுனியால் மேலே கீறி, அந்தச் சொரசொரப்பைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டாள்.

"கொழம்பு வைக்கறதுதான்ணா எனக்குக் கஷ்டம். யாரக் கேட்டாலும் பொன்னிறமா வதக்குன்றாங்க, செவந்ததும் எறக்குன்றாங்க. இது அப்டியில்ல. இதுவே சத்தம் போட்டுச் சொல்லிடும்" என்றாள்.

வெண்ணெயும் நசுக்கின பூண்டும் உள்ளே விழுந்தன. கைப்பிடியைப் பிடித்துப் பானைச் சாய்த்து, உருகி நுரைத்த வெண்ணெயைக் கரண்டியில் மொண்டு மொண்டு கறியின் மேல் ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அவர் தன் வீட்டில் முட்டை பொரித்தாலே அடுப்பைத் துடைக்க அரை மணி நேரம் ஆகும். பிறகு ஆள்காட்டி விரலால் கறியின் நடுவில் ஒரு முறை அமுக்கினாள். அதே விரலால் தன் இடது கட்டைவிரலடியின் சதையை அமுக்கிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோல் இருந்திருக்க வேண்டும். துண்டுகளைத் தட்டுக்கு எடுத்து மூடிவைத்தாள். இனி அதுவே ஆறட்டும், வெட்டினால் சாறெல்லாம் ஓடிவிடும் என்றாள்.

அதே பானில் வெங்காயத்தையும் காளானையும் போட்டு அடுப்பைக் குறைத்துவிட்டு, கிரீம் எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியையே அவர் ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது இடுப்பில் இடித்தால் கொதிக்கிற பான் காலில் விழும். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கோபப்படுவாள் என்று தோன்றியது. சத்தமில்லாமல் எழுந்து, துணியால் பிடித்து, கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு நல்ல காரியம் செய்த திருப்திகூட இருந்தது.

பிலோமினா வந்து, கிரீம் பாக்கெட்டை வலது பக்கம் வைத்தாள். கரண்டியை எடுத்துக்கொண்டு மற்றக் கையைக் கைப்பிடிக்காக நீட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை. கை இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. பானின் விளிம்பில் நான்கு விரலும் பட்டன.

அவள் கத்தவில்லை. மூச்சை மட்டும் பல்லிடுக்கில் இழுத்தாள். மற்றக் கையால் முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகு இரண்டு எட்டு நகர்ந்து குழாயைத் திறந்து விரல்களை நீட்டினாள். அதற்குள் அலெக்சாண்டர் எழுந்து, பர்னால் களிம்பு எங்கே, ஐஸ் இருக்கிறதா, டாக்டரிடம் போகலாமா என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டுவிட்டார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. விரல்களை எடுக்காமலேயே அவள் கேட்டாள்:

"கைப்பிடியத் திருப்புனியா?"

அவர் ஆமாம் என்றார். "வெளிய நீட்டிகினு இருந்துச்சும்மா. இடிச்சுக்குவியோன்னு…"

"பொங்கலுக்கு முன்னாடி முழங்கைல பட்டுச்சே, அதுவும் இப்டித்தான். உதவி பண்றேன்னு ஒருத்தி வந்து எண்ணெய்க் கிண்ணத்த நகத்தி வச்சிட்டா." அவள் குரலில் கோபம் இல்லை. "நான் வச்சத வச்ச எடத்துல விடுண்ணா. எனக்கு அது போதும்."

அவருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவளை இங்கிருந்து கூட்டிப்போவதற்கு அந்த வடுவைத்தான் இத்தனை நாளாக மனசுக்குள் காரணமாக வைத்திருந்தார். இப்போது அவள் விரல் நுனிகள் சிவந்திருந்தன. அதைச் செய்தது அவர் கை.

குழாயை மூடிவிட்டு, கைப்பிடியைப் பழைய இடத்துக்கு நீயே திருப்பு என்றாள். அவர் திருப்பினார். இன்னும் என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் திருப்பினார். இத்தனை நேரம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது எந்தக் கோணத்தில் இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அவளே அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரு விரற்கடை இழுத்து நிறுத்தி, மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போட்ட திராட்சை ஒயினில் கொஞ்சம் ஊற்றி, பானின் அடியில் ஒட்டியிருந்ததையெல்லாம் சுரண்டிவிட்டாள். பிறகு கிரீம், இடித்த மிளகு, தட்டில் கறி விட்டிருந்த சாறு. கொதி அடங்கியதும் கரண்டியை அடியில் வைத்து மெதுவாக இழுத்தாள். இழுவை கையில் கனத்ததும் இறக்கினாள். சுட்ட விரல்களைத் தூக்கிப் பிடித்தபடியே எல்லாவற்றையும் செய்தாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது மணி ஒன்றுகூட ஆகவில்லை. வெட்டின இடம் உள்ளே ரோஸ் நிறமாக இருப்பதைப் பார்த்து அவர் கத்தியை நிறுத்தினார். அவளுக்கு அது எப்படித் தெரிந்ததோ, நல்லா வெந்தா ரப்பராயிடும், பயப்படாம சாப்டு என்றாள். அவர் வாயில் வைத்தார். வெளியே மொறுமொறுவென்று உப்பும் மிளகும் கரித்தன. உள்ளே பல்லுக்கு வேலையே இல்லை. அதன் பின்னாலேயே பூண்டு வாசனையோடு கிரீமும், ஒயினின் லேசான புளிப்பும் வந்தன. அவர் பாதித் துண்டைத் தின்று முடித்தார். இதை இவள்தான் செய்தாள் என்று, அருகிலேயே உட்கார்ந்து பார்த்திருந்தும், தனக்குத் தானே ஒரு முறை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. மனைவி இறந்த பிறகு அவர் இரண்டு வேளையும் மெஸ்ஸில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்படி ஒரு தட்டை முன்னால் வைத்து ஒருவர் எதிரே உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"பிலோ, எத்திராஜ்கிட்ட நான் ஒன்னு சொல்லிட்டேன்."

"தெரியும். அன்னிக்கே ஃபோன் பண்ணாரு. நான் காலி பண்ணலன்னு சொல்லிட்டேன்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். அப்படியென்றால் தன்னை எதற்கு வரச்சொன்னாள் என்று கேட்டார்.

"ரெண்டு நாள் ரொம்பக் கோவமா இருந்தேன். வந்தா நல்லா கேக்கணும்னுதான் இருந்தேன். அப்புறம் அங்க நீ இன்னா சாப்ட்றியோன்னு நெனப்பு வந்துச்சு." பிறகு, சற்று இறங்கிய குரலில், "எனக்கு பயமே இல்லன்னு சொல்லலண்ணா. இருக்கு. இங்க இருக்கற பயம் எனக்குப் பழகிடுச்சு. அங்க வந்தா புதுசா பயப்படணும்" என்றாள்.

முன்னறை அங்கே எப்போதும் காலியாகத்தான் இருக்கும் என்று மட்டும் அவர் சொன்னார். சரி என்றாள். கீழ் வீட்டு மமதா படியில் நின்று வழக்கம்போல, "ஆன்ட்டி, ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பிட்டாயிற்றா என விசாரித்தாள். ஆய்த்தும்மா, எங்க அண்ணன் வந்திருக்காரு என்று பிலோமினா கன்னடமும் தமிழுமாகக் குரல் கொடுத்தாள். பிலோமினா எடுத்துக்கொடுத்த மீதிக் கறி, டிபன் பாக்ஸில் அவர் பைக்குள் போனது.

வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் பஸ் ஸ்டாப் வரை வந்தாள். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு அவருக்கு ஒரு எட்டு முன்னால் நடந்தாள். பிளந்துகிடந்த நடைபாதைக் கற்களை அவள்தான் அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் எட்டிப் பார்த்தபோது அவள் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள். சர்ச் மதிலோரம் ஒரு பழுப்பு நாய் நடைபாதையை அடைத்துக்கொண்டு தூங்கியது. கோல் அதன் முதுகைத் தொட்டு நின்றது. அலெக்சாண்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவள் குனிந்து அதனிடம் ஏதோ சொன்னாள். நாய் எழுந்திருக்கவில்லை, வாலை மட்டும் ஒரு முறை தரையில் தட்டியது. அவள் கோலை மதில் பக்கம் மாற்றி, புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்து அதைச் சுற்றிக்கொண்டு போனாள். பஸ் கிளம்பி வளைவில் திரும்பியது.