அக்கா எழுந்த பிறகு

1

இந்தக் கதை ஓர் அட்டையிலிருந்து வந்தது. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரூராட்சி மன்ற உறுப்பினர்களுக்குப் பயிற்சி நடத்தும் அம்மா ஒருவர் என்னிடம், "சின்னச் சின்னச் சிக்கலா எழுதிக் கொடுங்க. முடிவு மட்டும் எழுதாதீங்க, அதை அவங்க யோசிக்கணும்" என்றார். படிப்பையும் இரவு வேலையையும் பாதியில் விட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை அமையாது.

கற்பனை வரவில்லை. ஜன்னலைத் திறந்தேன். நான் இருப்பது அக்கா வீட்டு மாடி. பக்கத்தில் ஒரு காலி மனை. எழுதினேன்: "பேருந்து நிலையத்துக்குப் பொதுக் கழிப்பறை கட்ட ஒரு மனை. அதை ஒட்டினாற்போல உறுப்பினர் ஒருவரின் வீடு. அவர் என்ன செய்ய வேண்டும்?"

அக்காவும் ஓர் உறுப்பினர் என்பதை மறந்து எழுதிவிட்டேன். (பொய். யார் கவனிக்கப் போகிறார்கள் என்றுதான் எழுதினேன்.)

2

இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மக்களாட்சியின் ஆணிவேர்—" வேண்டாம், மைக் பிடித்த மாதிரி இருக்கிறது.

"அந்த மனையில் ஒரு கழுதை—" கழுதை எங்கிருந்து வந்தது?

"அக்கா தையற்காரி. அளவெடுக்கும்போதே ஓட்டுக் கேட்டு ஜெயித்தவள்." இது இருக்கட்டும்.

3

பயிற்சியின் கடைசி நாள் மாதிரிக் கூட்டம். குலுக்கலில் என் அட்டை வந்தது. வீட்டுக்கார உறுப்பினர் வேடம் மன்றத் தலைவருக்கு. புகார் சொல்லும் பெண் கண்டக்டர் வேடம் அக்காவுக்கு.

பயிற்சி அம்மா விதியைச் சொன்னார்: தன் சொத்தைத் தொடும் விஷயம் வந்தால், அதை அறிவித்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். ஆதரித்தாலும் சரி, எதிர்த்தாலும் சரி, ஓட்டுக் கிடையாது. அதுவரை அப்படி ஒரு விதி இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

தலைவர் சந்தோஷமாக வெளியே போய் டீ குடித்தார்.

அக்கா உட்காரவில்லை. "காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலை. ஏன்னு கேளுங்க. குடிச்சா எங்கே போறது?" என்றாள். அட்டையில் அது இல்லை. நான் எழுதியது "புகார் சொல்லவும்" என்பது மட்டும். மாதிரி வாக்கெடுப்பில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.*

* எங்கள் மன்றத்தில் கை தூக்குவதில்லை. ஆதரிப்பவர் எழுந்து நிற்க வேண்டும். அடிக்குறிப்புதானே என்று தாண்டாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

4

அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறி வந்தாள்.

"அட்டை எழுதினது நீதானே?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"'ஒட்டினாற்போல'ன்னு வேற எவன்டா எழுதுவான்?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கு நிஜக் கூட்டத்துல கழிப்பறைக்கு நம்ம பக்கத்து மனைதான் வருது. நேத்து வரைக்கும் வேண்டாம்னு உட்கார்ந்துடலாம்னு இருந்தேன். இப்ப வேணும்னு நிக்கத் தோணுது. ஆனா நிக்கக் கூடாதாம்!"

"அப்ப வெளியே போயிடு."

"நான் போனா பாதிக்குப் பாதி. சமமானா தலைவர் ஓட்டுதான் முடிவு. 'கட்டிடலாம், கழுவுறது யாரு?'ன்னு இப்பவே கேக்குறாரு. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. ஊரு என்னடா சொல்லும்? வீட்டைக் காப்பாத்த நழுவிட்டாள்னு சொல்லும்."

"அப்ப இருந்து ஓட்டுப் போடு."

"நாளைக்கு ஒருத்தன் தன் தோப்புக்குத் தானே ரோடு போட்டுக்குவான். அவனை நான் எந்த வாயால கேக்குறது?"

கீழேயிருந்து அக்கா புருஷன் குரல் வந்தது: "எந்தப் பக்கம் போனாலும் நாத்தம் நம்ம வீட்டுக்குத்தான்!"

"நீங்க சும்மா இருங்க!" என்று கீழே கத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எழுதினவன் நீ. முடிவைச் சொல்லு."

"முடிவு எழுதக் கூடாதுன்னுதான்—"

"கூலி வாங்கிட்டு ஒரு கை மட்டும் வெச்சு சட்டை தெச்சுக் கொடுத்தா, என்னைச் சும்மா விடுவாங்களா?"

அவள் இறங்கிப் போனதும் காகிதத்தை எடுத்து முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

5

முடிவு அ: அக்கா வெளியே போகிறாள். விதி பிழைக்கிறது. கண்டக்டர் இன்றும் தண்ணீர் குடிக்கவில்லை.

முடிவு ஆ: அக்கா நின்று ஓட்டளிக்கிறாள். கழிப்பறை வருகிறது. விதி தெரியவந்த மறுநாளே சாகிறது. கொன்றவள் என் அக்கா.

முடிவு இ: பெருமழை, கூட்டம் ஒத்தி— (கோழைத்தனம்.)

6

பார்வையாளர் பெஞ்சில் இருக்கிறேன். தலைவர் தீர்மானத்தை வாசித்துவிட்டு, "ஆதரிக்கிறவங்க எழுந்திருங்க" என்கிறார். பாதிப் பேர் எழுகிறார்கள்.

அக்கா என்னைப் பார்க்கிறாள். நான் கூரை மின்விசிறியைப் பார்க்கிறேன். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுகிறாள்.

ஓட்டுப் போடுகிறவரும் எழ வேண்டும், வெளியே போகிறவரும் எழ வேண்டும். ஆக இதுவரை அ-வுக்கும் ஆ-வுக்கும் பொது. கதவு அவளுக்கு இடப்பக்கம், திறந்துதான் இருக்கிறது. தலைவர் எண்ணத் தொடங்கவில்லை.

அட்டை இப்போது உங்கள் கையில். காலையிலிருந்து அவளும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அதிக நேரம் நிற்க வைக்காதீர்கள்.