மூன்றாம் வாரத்துப் பாடம்

சொர்ணலட்சுமி பாடம் படித்தால்தான் அவளுடைய ஓரகத்தி பொன்மணியின் வயிற்றுப் பிள்ளை வளர்ந்தது. 2003-இல் வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் இல்லை என்பதைப் போல, இதுவும் பின்னால் நாரணாபுரத்தில் எல்லாரும் அறிந்த சங்கதி. மூத்த மருமகள் சொர்ணலட்சுமி விருதுநகரில் பஸ் மாறி மதுரைக்குப் போய், மனித இனப்பெருக்க உயிரியலில் எம்.எஸ்சி. படித்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம், ஒன்றும் தங்கவில்லை. ஏன் தங்கவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் படிப்பிலேயே சேர்ந்தாள். இளையவள் பொன்மணி எட்டாவது பெயில், பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிறவள், வந்த மறுமாசமே முழுகாமல் இருந்தாள். பாவி மனசு பொறுக்குமா? பொறுக்கவில்லை.

கரு இரண்டாகி நான்காகும் பாடத்தை வாய்விட்டுப் படித்த வாரம் பொன்மணிக்கு நாள் தள்ளியது. அது கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டும் பாடத்தன்று வாந்தி வந்தது. சொர்ணலட்சுமிக்குப் புரிந்துவிட்டது. அடுத்தது மூன்றாம் வாரம், இதயம் துடிக்கத் தொடங்கும் பாடம். புத்தகத்தை மூடி அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினாள். "படிக்கது நானு, பிள்ளை அவளுக்கா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

பிள்ளை அப்படியே நின்றது. மாசாமாசம் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, மிளகளவுதான் இருக்கிறது, துடிப்பில்லை, கெடவும் இல்லை என்றார். மாமியார் சின்னத்தாய்க்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். "திரி நமுத்துப் போச்சு, வேறொண்ணுமில்ல" என்று கம்பெனிக் களத்தில் காய்கிற மத்தாப்புக்குப் பக்கத்தில் மருமகளை உட்காரவைத்தாள். போர்மேன் சங்கிலிமுத்து அவ்வப்போது அவளைத் திரும்பி உட்காரச் சொன்னார். சித்திரை வெயில் முழுக்கக் காய்ந்தும் பொன்மணி கறுத்ததுதான் மிச்சம். பரீட்சையில் இதயக் கேள்வியை எழுதாமல் வந்த சொர்ணலட்சுமிக்கு அரியர் விழுந்தது. அதற்கும் பொன்மணியைத்தான் திட்டினாள்.

ஆடியில், கலைத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீடு திரும்பிய பொன்மணி நேரே ஓரகத்தியிடம் போனாள்.

"அக்கா, அரியரு எந்தப் பாடத்துல?"

"இதயம்" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"முந்தி நீங்க சத்தமா படிச்ச அன்னைக்கெல்லாம் எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. படிங்கக்கா. பிள்ளைய வேணும்னா நீங்களே வச்சுக்கிடுங்க."

"எனக்கென்ன பிச்சையா போடுதே?"

ஆத்திரத்தில் புத்தகத்தை உருவித் தெருவே கேட்கப் படித்தாள் சொர்ணலட்சுமி. கடைசி வரியில் பொன்மணி வயிற்றைப் பிடித்தாள். உள்ளே துடித்தது. இருவரும் அழுதார்கள், ஒரே காரணத்துக்காக இல்லை.

பாடத்திட்டம் எட்டாம் வாரத்தோடு முடிந்தது. மிச்சத்துக்கு நூலகத்தில் வேறு புத்தகம் எடுத்தாள். மதுரை பஸ்ஸில் ஊர்க்காரர்கள் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். பொறாமை மட்டும் குறையவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் தன் வயிற்றில் கை வைத்தே படித்தாள். அரியரும் பாஸானது.

பிறந்த பெண்பிள்ளைக்கு சொர்ணலட்சுமியின் சப்பை மூக்கு, அவள் கன்னத்து மச்சம், அவளுடைய முன்கோபம். "படிச்சவ சாடைதான வரும்" என்றாள் சின்னத்தாய். இருக்கன்குடியில் மொட்டையடித்த அன்று பிள்ளை பெற்றவளை விட்டுப் பெரியம்மாவிடம் தாவியது. சொர்ணலட்சுமிக்கு நெஞ்சு ஆறியது. பொன்மணிக்குப் பற்றிக்கொண்டது.

அடுத்த தடவை நாள் தள்ளியபோது பொன்மணி யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தடிப் புத்தகத்தைத் தூக்கிப் போய், இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித் தானே படித்தாள். சொர்ணலட்சுமி ஒரு சொல்லும் உதவவில்லை, இவளும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை மூன்று வருஷம் வயிற்றில் இருந்தது. பொன்மணியின் சாடையிலேயே பிறந்தது.