ஆற்றோர வீட்டு இத்தா

1931 அக்டோபர், பினாங்கு, ஆயர் ஈத்தாம். ஆற்றோரத் தமிழ்ப் பள்ளியின் ஆசிரியர் ஜபருல்லா காய்ச்சலில் இறந்தார். பகல் தொழுகைக்குப் பின் மையத்தை அடக்கத்துக்கு எடுத்தார்கள்.

மையத்தைச் சுமந்த சந்தூக்குப் பெட்டி வாசலைத் தாண்டியதும் ஆண்கள் ஓதிய கலிமா ஓசை மழைக்குள் தேய்ந்துபோயிற்று. ஆற்றோரத்து ஆண்கள் அத்தனை பேரும் மையவாடிக்குப் போய்விட்டார்கள். ஜபருல்லாவின் அக்கா காமாரியா நாற்காலிமேல் ஏறி, உள்ளறை வாசலில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். துணிக்கு அந்தப் பக்கம் ஜபருல்லாவின் மனைவி சலேஹா. இனி நாலு மாதம் பத்து நாள் அவளுக்கு இத்தா. அந்நிய ஆண் கண்ணில் படாமல், வாசல் தாண்டாமல் இருக்க வேண்டும்.

"அந்த வளவியக் கழட்டிக் குடு, புள்ள."

சலேஹா கழற்றிக் கொடுத்தாள். அழுகை வரவில்லை. காதெல்லாம் பின்கட்டுக்கு அப்பால் இருந்தது. அங்கே ஆறு. இத்தனை மழைக்கு அது இரைய வேண்டும், இரையவில்லை.

"மச்சி, யாரையாச்சும் ஆத்தப் பாத்துட்டு வரச் சொல்லுங்க," என்றாள் நாத்தனாரிடம்.

பக்கத்து வீட்டு ரொஸ்னா தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு போய் வந்தாள். "தண்ணி கொறஞ்சுதான் இருக்குக்கா. செம்மண்ணா ஓடுது, பச்ச எலயும் கொப்புமா மெதக்குது. பயப்பட ஒண்ணும் இல்ல லா."

சலேஹா எழுந்து நின்றாள். பச்சை இலை என்றால் மேலே மரம் சாய்ந்து ஆற்றை அடைத்திருக்கிறது. அடைப்பு உடைந்தால் ஒரே மூச்சில் வரும். ஜபருல்லா பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கும் மனப்பாடம். முந்தைய வெள்ளத்தில் மாணவர் இருவர் போனதிலிருந்து, மாதம் ஒரு தரம் பள்ளி மரத்தில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை அவர் விடாமல் அடிப்பார். பிள்ளைகள் போட்டது போட்டபடி மேட்டுச் சாதிக்காய்த் தோட்டத்துக் கிடங்குக்கு ஏற வேண்டும். சிலேட்டைக் கையில் எடுத்தவன் இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

'சொட்டு மழை இல்ல, வாத்தியாரு வெள்ளம் உடுறாரு' என்று ஊர் சிரித்தது. காமாரியாவும் சிரித்தவள்தான்.

"மச்சி, மணிய அடிக்கணும்."

"மையத்து போயி வெத்தல மெல்லுற நேரம்கூட ஆகல. பித்தா புடிச்சிருக்கு ஒனக்கு?"

"அப்ப ரொஸ்னாவ அனுப்புங்க."

"நானா?" ரொஸ்னா பின்வாங்கினாள். "அடிச்சுட்டு வெள்ளம் வரலன்னா ஊரே காறித் துப்பும். வாத்தியாரையே என்ன பேச்சுப் பேசுனாங்க!"

சலேஹா துணியை விலக்கிக்கொண்டு வந்தாள். காமாரியா நாற்காலியிலிருந்து இறங்கி ஓடி, தெருவாசல் நிலையில் கையை ஊன்றி மறித்தாள்.

"வாசலத் தாண்டுனா இத்தா போச்சு. அவனுக்கு இன்னும் மண்ணுகூடத் தள்ளியிருக்க மாட்டாங்க. அவன் மொகத்துக்காகவாவது இரு."

சலேஹா அந்தக் கைக்குக் கீழே குனிந்து வெளியே போனாள்.

மணியடிக்கும் இரும்புக் கம்பி பள்ளி மரத்தின் கவட்டில் இருந்தது. அடித்தாள். முதலில் யாரும் வரவில்லை. ஜன்னல்களில் பெண்கள் நின்று, வெள்ளைப் புடவையில் நனைந்துகொண்டிருந்தவளை வாய்பிளந்து பார்த்தார்கள். பிறகு பிள்ளைகள் வந்தார்கள். என்ன ஏது என்று கேட்கவில்லை. தாய்மாரை முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். சோற்றுப்பானையோடு வந்த தாயிடம் ஒரு சிறுமி சண்டை பிடித்தாள்:

"சட்டியக் கீழ போடும்மா! வாத்தியாரு மறுபடி ஏறச் சொல்லுவாரு!"

பானையை வழியிலேயே வைத்துவிட்டாள் தாய். காமாரியா கடைசியாக, கிடங்கு வரை சலேஹாவைத் திட்டிக்கொண்டே ஏறினாள்.

லாரி லாரியாகக் கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம் மலைப்பக்கமிருந்து வந்தது. கிடங்கு வாசலிலிருந்து பார்த்தபோது அத்தாப்பு ஓலைக் கூரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. காமாரியா திட்டுவதை நிறுத்தினாள். சலேஹா பார்க்கவில்லை. மூலையில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

அடக்கம் முடிந்து திரும்பிய ஆண்கள் தோட்டத்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். முன்னால் ஜபருல்லாவின் தம்பி கமாலுதீன், முழங்கால்வரை சேறு.

"லாத்தா! எல்லாரும் இருக்கீங்களா?" என்று அக்காவைக் கூவிக் கேட்டான்.

காமாரியா வாசலுக்கு வந்தாள்.

"இருக்கோம். ஒருத்தரும் கொறையல."

அவன் உள்ளே கால் வைத்தான்.

"அங்கேயே நில்லு. அவ இத்தாவுல இருக்கா."

இருட்டும்வரை ஆண்கள் சாதிக்காய் மரங்களின் கீழ் நனைந்துகொண்டு நின்றார்கள்.