ஹாஜறா கொடுத்த கிட்னி

"வீட்டையும் குடுத்து, இப்ப கிட்னியையும் குடுக்கப் போறயா? இந்தச் சீதனத்துக்கு ஒரு முடிவே இல்லையா புள்ள?"

பக்கத்து வீட்டு ஸம்ஸியா சொன்ன பகிடிக்கு ஹாஜறாவும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் அது உள்ளே படுத்திருந்த மருமகன் முஹ்ஸினின் காதில் விழுந்துவிட்டது.

ஊர் வழக்கப்படி வீடு சீதனமாக மகள் ஹுஸ்னியாவின் பேரில் இருந்தது. அதற்கு மேல் எதுவும் தொடமாட்டேன் என்று கலியாணத்தன்றே சொன்னவன் முஹ்ஸின். இப்போது இரண்டு கிட்னியும் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்கக் கல்முனைக்கு அலைகிறான். ஹுஸ்னியாவின் இரத்த வகை பொருந்தவில்லை. ஹாஜறாவுடையது பொருந்தியது. டொக்டர்மார் அவளை முழுக்கச் சோதித்து, கொடுக்கலாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

"என்னால வாங்க ஏலாது மாமி. உடம்பு அல்லாஹ் நம்பி ஒப்படைச்ச அமானிதம். ஊரும் சீதனமெண்டுதான் கதைக்குது."

"மௌலவியிட்டக் கேப்பம் மருமகன். அவர் கூடாதெண்டா நானும் வாயைத் திறக்கமாட்டன்."

சொல்லிவிட்டாளே தவிர, முஹ்ஸினோடு பஹ்மி மௌலவியின் வீட்டுக்குள் நுழையும்போது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் கூடாதென்றால் மகளின் கதி?

"ஆரும் உங்கள வற்புறுத்தினதா?"

"இல்ல மௌலவி."

"பதிலுக்கு ஏதும் வாங்குறீங்களா?"

"இவரிட்டயா? இவரிட்ட வாங்க என்ன இரிக்கி!"

முஹ்ஸினே சிரித்துவிட்டான்.

"உங்கட உயிருக்கு ஆபத்தில்லையா?"

இதற்காகத்தான் ஹாஜறா காத்திருந்தாள். "ஒரு கிட்னியை எடுத்தா, மற்றது கொஞ்சம் பருத்து, ரெண்டின்ட வேலையையும் பாக்குமாம். ஒப்பரேசன் எண்டா கொஞ்சம் பயம் இரிக்கித்தான். அதையும் டொக்டர் மறைக்கல்ல."

"நானும் மறைக்கல்ல," என்றார் மௌலவி. "கூடாதெண்டு சொல்ற, மார்க்கம் படிச்ச உலமாக்களும் இரிக்காங்க. ஆனா விற்காம, தன்ட உயிர அழிக்காம, இன்னொரு உயிரக் காக்க மனமொத்துக் குடுக்கலாம் எண்டுதான் கனபேர் சொல்றாங்க. நானும் அந்தப் பக்கம். அமானிதத்த வீணாக்கத்தான் கூடாது." பிறகு முஹ்ஸினைப் பார்த்தார். "கேட்டு வாங்கினாத்தான் சீதனம். நீங்க கேட்டீங்களா?"

"எங்க கேட்ட? வேணாமெண்டு என்னோட சண்டையெல்லோ பிடிச்ச!" என்றாள் ஹாஜறா.

முஹ்ஸின் தலை குனிந்தான். "அப்ப சரி மாமி."

கண்டியில் ஒப்பரேசன் நடந்தது. பழைய கிட்னிகளை அப்படியே விட்டு, புதியதை அடிவயிற்றில் வைத்துத் தைப்பார்கள். இரத்தக் குழாய்களை இணைத்து, இரத்தத்தைத் தடுத்திருந்த கவ்வியைத் திறந்ததும், வெளிறிக் கிடந்த கிட்னி சிவந்து விறைக்கும். நன்றாக அமைந்தால் மேசையிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்கும்.

மயக்கம் தெளிந்த ஹாஜறாவிடம் ஹுஸ்னியா ஓடி வந்தாள். "உம்மா, அவர்ர மூத்திரம் பையில நிறையுது!"

"என்ன நிறம்?"

"மஞ்சள். லேசாச் சிவப்பும் இரிக்கி. முதல்ல அப்படித்தானாம்."

ஹாஜறா வலியோடு பக்கத்துக் கட்டில் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "கேட்டயளா? அது என்ட கிட்னி. வேலையத் தொடங்கிட்டு."

"உங்கட மகனுக்கா குடுத்த?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"மருமகனுக்கு," என்றாள் ஹாஜறா, வார்டு முழுவதற்கும் கேட்கும்படி.