கணபதியைப் பூட்டிவிட்டுப் போனவள்

1

இந்தக் கதை ஒரு பூட்டிலிருந்து பிறந்தது. எழுதுகிற ரமா இதை முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ளத்தான் நினைத்தாள். அடுத்த வரியிலேயே கை நழுவிவிட்டது:

கராடியில் ஐ.டி. வேலை பார்க்கும் ப்ரீதி ஒரு நாள் மத்தியானம்—

[அந்த வரியை அடித்துவிட்டாள். ப்ரீதி என்று யாரும் இல்லை. பழியைப் போட ஒரு தலை தேவைப்பட்டது, அவ்வளவுதான். ப்ரீதியோ, "நான் இருக்கறது கராடி. புனேயோட இந்தக் கோடி. அந்தக் கோடியில இருக்கற உங்க பாணேர் கணபதிக்கு நான் ஏங்க வரணும்?" என்று கேட்டுவிட்டுக் கதையை விட்டே வெளியேறினாள். நியாயம்தான்.]

2

புனேயில் சதுர்த்திக்குக் கணபதி வந்துவிட்டால் அவரைத் தனியே விடமாட்டார்கள். விருந்தாளியை உட்காரவைத்துவிட்டு யாராவது வெளியே போவார்களா? ரமாவின் அடுக்ககத்தில், கீழ்த்தள ஹாலில் அவர் இருக்கும் ஐந்து நாளும் ஆளுக்கு இரண்டு மணி நேரம் முறைவைத்துக் கூடவே உட்காருவார்கள். விளக்கு அணையாமல் எண்ணெய் விடுவார்கள். ரமா குடிவந்து ஆறு வருடம். செயலாளர் மாதவ் இந்த வருடம்தான் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்து, ஹால் சாவியையும் கொடுத்தார். அவள் முறை மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள்.

3

இரண்டே காலுக்கு ஒரு வாக்கியம் வந்தது. எட்டு மாதமாக வராமல் இருந்த வாக்கியம்.*

நோட்டு ஐந்தாம் மாடியில். போனில் எழுத அவளுக்கு வராது. ஒரே ஓட்டமாக எடுத்து வந்துவிடலாம் என்று எழுந்தாள். வெளியே கிளம்பினால் கதவைப் பூட்டுவது கை தானாகச் செய்கிற வேலை. பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள். மேலே ஒரு வாக்கியத்தின் பின்னால் இன்னொன்று, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. நாற்பது நிமிடம் கழித்து இடுப்பில் சாவி குத்தியது.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினாள், சிரித்துக்கொண்டே. எழுத்து வந்த பெண்ணுக்கு வெட்கம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

விளக்கு அணைந்திருந்தது. எண்ணெய் விட்டு ஏற்றினாள். யாரும் பார்க்கவில்லை.

[கணபதி பார்த்தார் என்று எழுதினால் பக்தி மலருக்கு அனுப்பலாம். அந்த நாற்பது நிமிடமும் அவர் தன்னோடு மாடியில்தான் இருந்தார் என்றுகூட ரமாவுக்குத் தோன்றுகிறது. ஆனால் பொறுப்பை விட்டு ஓடியவர்கள் எல்லோரும் சொல்கிற சாக்கு அது.]

* எந்த வாக்கியம் என்று கேட்காதீர்கள். கீழே வந்து படித்தபோது சுமாராகத்தான் இருந்தது. அதைக் கிழித்துவிட்டு, நான்கு மணி வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து இதை எழுதினாள்.

4

முடிவு அ: சொல்லிவிடுகிறாள். அடுத்த வருடம் பட்டியலில் பெயர் இல்லை.

முடிவு ஆ: சொல்லவில்லை. அடுத்த வருடமும் பட்டுப்புடவை. ஆனால் விளக்கைப் பார்க்கும்போதெல்லாம்—

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் மணி ஏழாகிவிட்டது. ஆரத்திக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ரமாஜி, இன்னைக்கு மொத ஆரத்தி உங்க கையாலதான்," என்றார் மாதவ் இந்தியில். "விளக்கு எப்படி எரியுது பாருங்க!" தட்டை அவள் கையில் கொடுத்தவரின் கண் நோட்டின் மேல் விழுந்தது. "கணபதி பக்கத்துல உட்கார்ந்து எழுதினதா? அம்ருதா, அம்மா என்ன எழுதியிருக்காங்கன்னு எங்களுக்கும் சொல்லேன்!"

மகள் அதற்குள் நோட்டைப் பிடுங்கிவிட்டாள். "அம்மா, உன் எழுத்து ஜிலேபி மாதிரி இருக்கு. ஏக் மினிட்... இந்-தக் க-தை ஒரு பூட்-டி-லி-ருந்து... பூட்டுன்னா தாலாதானே? அங்கிள், ஸ்டோரி தாலாலேர்ந்து பொறந்துதாம்!"

ஹாலே சிரித்தது.

5

நீங்கள் வேகமாகப் படிப்பவர். அம்ருதா பள்ளியில் தமிழ் படிக்காதவள். எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு வரியையும் இந்தியில் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறாள்.

"அம்மா, யாரு இந்த ப்ரீதி?"

விளக்கு அணைந்த வரி வருவதற்கு இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. அதற்கு முன்னால் ரமா வாயைத் திறந்தால் ஒப்புதல். பின்னால் திறந்தால் வெறும் சமாளிப்பு. கையில் தட்டு. தொண்டையில், சனியன், இந்த நேரம் பார்த்துச் சிரிப்பு.

"மாதவ்ஜி," என்றாள்.

அடுத்த வாக்கியம் வரவில்லை. உங்களுக்கு வந்திருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். அம்ருதா பக்கத்தைத் திருப்புகிறாள்.