இன்னும் இரண்டு விரல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில். என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் போவட்டுமா, வேணாமா? நீங்க சொல்லுங்க. நான் வாயத் தொறக்கமாட்டேன்."

பிறகு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மடியிலிருந்த இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். ஐந்தும் மடங்கியதும் ஒவ்வொன்றாக விரிக்க ஆரம்பித்தாள். ஆறு, ஏழு, எட்டு. அதற்குள் கண்டக்டர், "சந்திரகிரி! திகண்டி, திகண்டி!" என்று தெலுங்கில் இறங்கச் சொல்லி விரட்ட, நான் இறங்கிவிட்டேன். பஸ் போன பிறகு ரோட்டோரம் நின்று என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்திருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்?

போவது எங்கே? மறுமுனையில் யார்? விரல் எதற்கு? ஒன்றும் தெரியாது. ஆகவே இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

சித்தூரின் மாலைக் காற்றில் மாம்பூ வாசம் மிதந்து வர, டெபோராவின் கருவிழிகள்

(வேண்டாம். கருவிழிகளை முப்பத்தோரு நாவல்களில் உருட்டியாயிற்று.)

ஜப்பானுக்குப் போவதா வேண்டாமா என்று டெபோரா

(பரவாயில்லை. ஆனால் டெபோரா யார் என்று கேட்பீர்கள்.)

சொல்லிவிடுகிறேன். வயது இருபத்தொன்பது. சித்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து திருப்பதியில் ஒரு கல்லூரியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருபவள். கணவன் ஆசிர், மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் தரம் பார்ப்பவன். கல்யாணமாகி நாலு வருஷம். ஜப்பானில் ரயில் நிலையத்துக்கு ஒன்றாகக் கிளை வைத்திருக்கும் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளிக்கு டெபோரா விண்ணப்பம் போட்டாள். ஒரு வருஷ வேலை. யாரும் தூண்டவில்லை. அவளே ஆசைப்பட்டுப் போட்டாள்.

[ஆசிரைப் பற்றி எனக்கே ஒரு சந்தேகம். என் கதாநாயகர்களுக்குக் காரும், சொல்லாத ஒரு சோகமும் கட்டாயம் உண்டு. இவனிடம் இருப்பதோ பழைய பைக்கும் சட்டையில் தோத்தாபுரி மாம்பழ வாசனையும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.]

3

பள்ளிக்காரர்கள் ஐந்து நிமிஷப் பாடம் எடுத்து வீடியோ அனுப்பச் சொன்னார்கள். மாணவன் வேண்டுமே? ஆசிரையே நாற்காலியில் உட்காரவைத்து, இங்கிலீஷ் தெரியாதவன்போல் நடிக்கச் சொன்னாள்.

வீடியோ திரும்பி வந்தது. நன்றாகச் சொல்லித் தருகிறீர்கள்; ஆனால் கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. எங்கள் பள்ளியில் கேள்வி கேட்ட ஆசிரியர் மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசக் கூடாது. மறுபடி அனுப்பவும்.

ஆசிர் விழுந்து விழுந்து சிரித்தான். "நாலு வருசமா நான் சொல்லிக்கினு இருக்கேன். ஜப்பான்காரன் ஒரே வீடியோல கண்டுபுடிச்சிட்டான் பாரு!"

"நீங்க எப்ப சொன்னீங்க?"

"எங்க சொல்லவுட்ட?"

இரண்டாவது முறை டெபோரா கையை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டாள். "வாட் டூ யூ டூ இன் தி ஈவினிங்?" என்று கேட்டுவிட்டு விரல் மடக்கினாள். மூன்று, நான்கு. பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினாள். ஏழு. எட்டு. ஒன்பதில் ஆசிர் பேசினான்.

"ஈவினிங்... ஐ கோ பஸ் ஸ்டாண்ட். மை வைஃப் கம். ஐ ஹேப்பி."

'அடுத்த வருஷம் என்ன செய்வீர்கள்?' என்பது தாளில் இருந்த அடுத்த கேள்வி. டெபோரா அதைக் கேட்கவில்லை. கேமராவை அணைத்துவிட்டாள்.

அந்த வீடியோவுக்குத்தான் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

4

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமையில் சர்ச்சில் ஒரு கூத்து. மாமியார் ஜெபமணி யாரையும் கேட்காமல் நன்றி சொல்லி ஸ்தோத்திரச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். போதகரும், "சகோதரி டெபோரா ஜப்பான் தேசத்துக்குச் செல்லக் கர்த்தர் வாசல் திறந்தபடியால் ஸ்தோத்திரம்" என்று வாசித்துவிட்டார்.

"அத்த, நான் இன்னும் சரின்னே சொல்லலியே!"

"அதுக்கு இன்னா இப்ப? ஆண்டவருக்கு நன்றி சொல்லியாச்சி. வேணாம்னா அவருகிட்ட நீயே போயி சொல்லிக்கோ."

அதற்குள் பாடகர் குழு தனபாக்கியம் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க மீன பச்சயாவே துன்றாங்களாமே? ரெண்டு டப்பா ஊறுகா கட்டித் தரேன், இஸ்துக்கினு போ."

பைக்கில் வீடு திரும்பும்போது டெபோரா பின்சீட்டிலிருந்து கேட்டாள்: "நான் போவட்டுமாங்க? அத்த இருக்காங்க, சாப்பாட்டுக்குக் கவல இல்ல, ஒரு வருசம் ஓடியே பூடும், நீங்க சரின்னுதான் சொல்லுவீங்க, இல்ல?"

"உன் இஷ்டம்" என்றான் ஆசிர்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்பின் தெரியாத ஜப்பான்காரர்களுக்காக ஒன்பது வரை விரல் மடக்கினாள். இவனுக்காக ஒரு விரல்கூட மடக்கவில்லை. போக வேண்டும் என்ற ஆசையில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. 'உன் இஷ்டம்' என்பது சம்மதமா, வலியா? அதுதான் தெரியவில்லை. அது தெரியாமல் கையெழுத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

5

திங்கட்கிழமை சாயங்காலம், பஸ். நேரில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். நேரில் என்றால் முகத்தைப் பார்த்துப் பதிலை அவளே படித்துவிடுவாளே! அதனால்தான் போன்.

முடிவுகள் தயாராக இருக்கின்றன.

அ) "போயிட்டு வா டெபோரா." என் வாசகிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஆ) "வேணா, போவாத." அதற்கப்புறமும் ஆசிர் நல்லவன்தான் என்று நிரூபிக்க நான் இன்னும் இரண்டு அத்தியாயம் எழுத வேண்டும்.

இ) "ஜப்பான்ல மாம்பழ ஃபேக்டரி கீதான்னு பாரு, நானும் வந்துடறேன்." எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நான்கு வரி எழுதியும்விட்டேன். விமானத்தில் ஜன்னல் சீட்டுக்கு இருவரும் சண்டை போட்டு

(அடித்துவிட்டேன்.)

ஏனென்றால் கேட்டவள் டெபோரா, சொல்ல வேண்டியவன் ஆசிர். நடுவில் நான் அவசரமாகப் பதிலை எடுத்துக் கொடுக்கிறேன். அந்தப் பள்ளிக்காரர்கள் பார்த்தால் இந்தக் கதையையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

6

ஒன்றே ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஆறாவது விரலில் டெபோராவின் காதில், போனுக்கு அந்தப் பக்கம் யாரோ கத்துவது கேட்டது: "திருப்பதி! திருப்பதி!" சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடும் குரல். அவள் வண்டி அங்கே போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவன் இப்போதே அங்கே நிற்கிறான்.

ஏழு. 'இன்னாங்க, இவ்ளோ சீக்கிரமே வந்துட்டீங்களா' என்பது தொண்டைவரை வந்தது. விழுங்கினாள்.

எட்டு. மறுமுனையில் ஆசிர் பேசுவதற்கு மூச்சு இழுத்தான்.

"சந்திரகிரி! திகண்டி!"

இரண்டு விரல் இன்னும் மடங்கியே இருக்கிறது. நான் இறங்க வேண்டும். நீங்கள் சித்தூர் வரைக்கும் டிக்கெட் எடுத்தவர்தானே? தள்ளி உட்காருங்கள், அவள் பக்கத்து இடம் காலியாகிவிட்டது. ஆனால் வாயை மட்டும் திறந்துவிடாதீர்கள்.